கழற்றச் சொன்ன கடிகாரம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஆறு வருடமாகத் தயங்கியிருக்கிறேன். ஜெபம் சொல்லிவிட்டு உட்காருவேன், இரண்டு வரி எழுதுவேன், கிழித்துப் போடுவேன். மகள் அந்தப் பள்ளியில் படிப்பை முடிக்கட்டும் என்று முதலில் காத்திருந்தேன். பிறகு என் அக்கா மனம் நோகுமோ என்று பயந்தேன். மகள் படித்து முடித்துவிட்டாள். அக்கா போன வருடம் ஆண்டவரிடம் போய்விட்டார். அவருடைய கைக்கடிகாரம் இப்போது என் மேசை மேல் இருக்கிறது. அதன் பின்பக்கம் அக்காவின் பெயரும் அவர் வேலை செய்த ரப்பர்த் தோட்டத்தின் பெயரும், முப்பது வருட சேவைக்கு என்ற எழுத்தும் பொறித்திருக்கின்றன. நான் ஆறாம் வகுப்போடு நின்றவன், லோரி ஓட்டிப் பிழைக்கிறவன். என் எழுத்தில் பிழை இருக்கலாம். சொல்லும் விஷயத்தில் பிழை இல்லை.

மகள் நான்காம் படிவம் படிக்கும்போது, பதினாறு வயதில், வருட நடுவில், எங்கள் ஊர் பகாவிலிருந்து சிரம்பான் டவுனில் ஒரு கலைப் பள்ளிக்கு மாறி, விடுதியில் தங்கினாள். பள்ளியின் பெயர் வேண்டாம். மற்ற பிள்ளைகள் ஆரம்பத்திலிருந்தே ஒன்றாகப் படித்தவர்கள், டவுன் பிள்ளைகள். அங்கே பலகையை நிறுத்தி வைத்து, நின்றுகொண்டு வரைவார்கள். இவளோ வீட்டுத் தரையில் குப்புறப் படுத்து வரைந்தே பழகியவள். முதல் வாரம் தோள் வலி தாங்காமல் அழுதாள். பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. "ஏய் எஸ்டேட்டு" என்றுதான் கூப்பிட்டார்களாம். மத்தியானச் சோற்றைப் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்து தின்றாள். போனில் நான் சொன்னதெல்லாம் ஒன்றுதான்: "புது இடம்லா. சொன்னதச் செய். வாயத் தொறக்காத." என் அப்பா, தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர் முன்னால் நின்று பழகிய பழக்கம் அது. அதை அப்படியே பிள்ளையிடமும் கொடுத்தேன்.

மூன்றாம் மாதம் ஒருநாள் போனில் அவள் குரலே மாறியிருந்தது. "அப்பா, சார் இன்னைக்கு என் பேரச் சொல்லிக் கூப்பிட்டாரு!" ஆளைப் பார்த்து வரையும் வகுப்புக்குத் தோட்டத்தில் வேலை செய்த ஒருவரை அழைத்துவர முடியுமா என்று ஓவிய ஆசிரியர் கேட்டாராம். வேறு யாரைத் தேடுவது? முப்பது வருடம் பால்மரம் வெட்டிப் பாலெடுத்த என் அக்கா இருக்கிறாரே.

அக்கா பூசைக்குப் போவதுபோல் கிளம்பி வந்தார். மடிப்புக் கலையாத நீலச் சேலை, மூக்குக் கண்ணாடி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கட்டுகிற அந்தக் கடிகாரம். எங்கள் தோட்டத்துக் கோயில் பூசையில் பைபிளின் முதல் வாசகம் வாசிப்பது அவர்தான், கண்ணாடி வாங்கியதே அதற்காகத்தான். "எம் மூஞ்சிய வரையறதுக்கு சிரம்பான் போறேன்டா தம்பி. உங்க மாமா இருந்திருந்தா சிரிச்சே செத்திருப்பாரு," என்று வழியெல்லாம் ஒரே சிரிப்பு.

ஆசிரியர் நம் தமிழ் ஆள்தான், டவுனில் பிறந்தவர். அக்காவைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. "தப்பா நெனைக்காதீங்கம்மா. கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கீங்க. வாட்ச், கண்ணாடியெல்லாம் இருந்தா தோட்டத்து அம்மான்னு யாரும் நம்ப மாட்டாங்க. கழட்டிடுங்க." தலைக்குக் கட்ட ஒரு பழைய துணியும், கையில் பிடிக்க ஒரு ரப்பர்ப் பால் வாளியும் தயாராக வைத்திருந்தார். அக்கா என்னைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? "விடுக்கா, புள்ள புதுசு," என்று சொல்லி, என் கையாலேயே அக்காவின் கடிகாரத்தைக் கழற்றி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

தோட்டம் கொடுத்த கடிகாரம் அது! அதைக் கட்டினால் தோட்டத்து ஆளாகத் தெரியாதாம். நினைத்தால் இன்றைக்கும் கோபம்தான் வருகிறது. கண்ணாடியையும் கழற்றிவிட்டு அக்கா இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். திரும்பும் வழியில் சிரிப்பு இல்லை. "எல்லாம் பனி மூடின மாதிரி இருந்துச்சுடா. நம்ம புள்ள எந்தப் பக்கம் நின்னுச்சு?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த மாதம் பெற்றோர் நாளில் அந்தப் படங்களை மண்டபத்தில் வரிசையாக மாட்டியிருந்தார்கள். மேலே ‘தோட்டத்துத் தாய்’ என்று பெரிய எழுத்து. அக்காவுக்குப் பிள்ளை கிடையாது. யாராவது கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அக்கா கண்ணாடியும் கடிகாரமுமாக வந்து ஒவ்வொரு படமாகப் பார்த்தார். எல்லாவற்றிலும் குழி விழுந்த கண், ஒட்டிய கன்னம், வாளி. "பாவம்லா இந்தப் பொம்பள. சோத்தக் கண்டு பல நாளாயிருக்கும் போல. யாருடா இது?" என்றார். சும்மா கேட்கிறாரா, குத்திக் கேட்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியில், கதவோரம், மகள் வரைந்த படம். அதில் வாளி தரையில் இருந்தது. வலது கை இடது மணிக்கட்டைப் பொத்தியிருந்தது. அன்று வகுப்பில் பின்னால் உட்கார்ந்திருந்த நான் அதைக் கவனிக்கவே இல்லை. வாளியைப் பிடி என்று எத்தனை தடவை சொன்னாலும், அக்காவின் கை கடிகாரம் இல்லாத இடத்தை மூடத்தான் போயிருக்கிறது. பிள்ளை பார்த்திருக்கிறாள். ஓரத்தில் சிவப்பு மையில், கை நிலை தவறு என்று எழுதி, வகுப்பிலேயே குறைந்த மார்க் போட்டிருந்தார்கள்.

அக்கா அங்கேயே நின்றுவிட்டார். "இது நான்தான்," என்றார்.

அந்த நேரம் பார்த்து ஆசிரியர் வந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் வாயைத் திறந்தேன். "சார், அந்தக் கடிகாரம் தோட்டம் கொடுத்தது. அத ஏன் கழட்டச் சொன்னீங்க?"

அவர் சிரித்தார். "அண்ணே, இது கலை. உள்ளத உள்ளபடி வரையறது இல்ல. உங்களுக்குச் சொன்னா விளங்காது."

அக்கா தன் கண்ணாடியைக் கழற்றி அவரிடம் நீட்டினார். "இந்தா தம்பி, நீ போட்டுக்க. அன்னைக்கு இது இல்லாம எனக்கு ஒண்ணுமே தெரியல. உனக்கும் அப்படித்தான் போல."

பக்கத்தில் நின்ற பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். ஆசிரியர் சிவந்த முகத்தோடு போய்விட்டார். ஆனால் மார்க் மாறவில்லை. மற்ற படங்கள் வெளியூர்க் கண்காட்சிக்குப் போயின, மகளின் படம் சுருட்டிக் கையில் கொடுக்கப்பட்டது. பழைய பள்ளிக்கே போய்விடலாமா என்று அவளைக் கேட்டேன். "வேணாம்ப்பா. நாளைக்கு இன்னொரு அத்தை வந்து உட்கார்ந்தா, பார்க்கறதுக்கு யாராச்சும் இருக்கணும்ல," என்றாள். ஒன்றரை வருடம் அங்கேயே இருந்து முடித்தாள்.

பாவசங்கீர்த்தனத்தில் இந்தக் கோபத்தைச் சொன்னேன். அந்த ஆசிரியருக்காக ஜெபிக்கச் சொன்னார் ஃபாதர். தினமும் ஜெபிக்கிறேன், ஆண்டவர் சாட்சி. கோபம் போனபாடில்லை. போகாததற்குக் காரணமும் தெரிகிறது. கழற்றச் சொன்ன வாய் அவருடையது, கழற்றிய கை என்னுடையது.

நின்றுபோயிருந்த கடிகாரத்துக்கு நேற்றுப் புது பேட்டரி போட்டேன். இதோ ஓடுகிறது. நாளைக்கு மகள் வந்து வாங்கிக் கட்டிக்கொள்வாள். படித்தவர்களை ஒன்று கேட்கிறேன். இதை யாருக்காவது சொல்வதானால் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். கேட்கிறவர் கண் கலங்க வேண்டுமென்று அக்காவைப் பட்டினி போடாதீர்கள், கையில் வாளி கொடுக்காதீர்கள். நீலச் சேலையோடு, கண்ணாடியோடு, கடிகாரத்தோடு சொல்லுங்கள். ஒரு தடவை கழற்றியது போதும்.