ஏலக்காட்டுப் பள்ளியில் ஒரு பயிற்சி ஆசிரியன்

பிற தொழில்களில், கற்றுக்கொள்ள வந்தவன் சில காலம் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கலாம். ஆசிரியத் தொழிலில் மட்டும், கற்றுக்கொள்ள வந்தவனிடமே முதல் நாள் சாக்கட்டியைக் கொடுத்து நடுவில் நிறுத்திவிடுகிறார்கள்.

வாசகர்களில் பயிற்சிப் பாடம் நடத்தியவர்கள் பலர் இருப்பீர்கள். பின்பெஞ்சில் ஒருவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அமர்ந்திருக்க, முன்னே நின்று சாக்கட்டியை உருட்டியவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. பாலக்காட்டை அடுத்த கொழிஞ்சாம்பாறையில் தமிழ் பேசும் விவசாயக் குடும்பத்தில் பிறந்த என்னை, தமிழ்வழிப் பள்ளி என்ற காரணத்தால், சாந்தன்பாறைக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்துப் பள்ளிக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பயிற்சியின் முடிவில், வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன்னிலையில் ஒரு பாடம் நடத்தித் தேற வேண்டும். தவறினால் மீண்டும் ஓராண்டு படிக்க வேண்டும். அந்த இரண்டாம் ஆண்டு எனக்குக் கிடையாது என்பதை அப்பா பஸ் ஏற்றும்போதே சொல்லிவிட்டார்: "ஒரு வருசம் படிங்க கண்ணு, வேண்டாங்கல. ரெண்டாவது வருசம்னா கெளம்பி ஊட்டுக்கே வந்துருங்க."

வெள்ளை வேட்டி

ஆசிரியர் என்பவர் தூய்மைக்கு எடுத்துக்காட்டாக விளங்க வேண்டும் என்று பயிற்சி நிலையத்தில் சொல்லியிருந்தார்கள். ஆகவே கஞ்சி போட்டு மடித்த வெள்ளை வேட்டியோடு, ஏலச்செடிகளுக்கு நடுவே செல்லும் ஈரப் பாதையில் நடந்து, முதல் பாடம் நடத்த வகுப்புக்குள் நுழைந்தேன். கரும்பலகையில் தேதியை எழுதித் திரும்பியபோது, பிள்ளைகள் அனைவரும் என் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கணுக்கால் அருகே வேட்டியில் சிவப்பாக ஒரு வட்டம் பரவிக்கொண்டிருந்தது. அட்டை.

சமவெளியில் வளர்ந்த நான் அதற்கு முன் அட்டையைப் படத்தில்தான் பார்த்திருந்தேன். ஆசிரியருக்குரிய கம்பீரத்தைக் கைவிட்டு, ஒற்றைக் காலில் மேசையைச் சுற்றினேன். முன்வரிசையிலிருந்த நான்காம் வகுப்பு முத்துச்செல்வி, நிதானமாக எழுந்து சொன்னாள்: "சார், ஆடாம நில்லுங்க. அது வயிறு நெறஞ்சா தானா விழுந்துரும்."

மரியாதை

எங்கள் ஊரில் சிறு குழந்தையிடமும் 'வாங்க, உக்காருங்க' என்றுதான் சொல்வோம். அந்தப் பழக்கத்தில் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் அவ்வாறே பேசினேன். இரண்டு நாள் வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை. என் மரியாதையான பேச்சுக்குக் கிடைத்த பயன் இது என்று எண்ணி உள்ளுக்குள் மகிழ்ந்தேன்.

மூன்றாம் நாள், பிள்ளைகள் தங்களுக்குள் பேசி முடிவு செய்து, முத்துச்செல்வியை என் மேசைக்கு அனுப்பினார்கள். அவர்களுடைய பெற்றோரெல்லாம் மதுரை, தேனிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்கள். அங்கே பிள்ளைகளிடம் இப்படிப் பேசும் வழக்கம் இல்லை. அவள் கையைக் கட்டிக்கொண்டு விண்ணப்பித்தாள்: "சார், எங்கள வாங்க போங்கன்னு சொல்லாதீங்க. ஏதோ பெரிய தப்புப் பண்ணிட்டு நிக்கிற மாதிரியே இருக்கு."

நாற்று

பாடப்பொருளை நேரில் காட்டிக் கற்பிக்க வேண்டும் என்பது பயிற்சியின் இன்னொரு விதி. நெல் சாகுபடிப் பாடத்துக்காக அப்பாவுக்கு எழுதினேன். அவர் நாற்றை ஈரச் சாக்கில் சுற்றி, பஸ் நடத்துநர்களிடம் சொல்லிச் சொல்லி, கைமாற்றி மலைக்கு அனுப்பினார். முடியாகக் கட்டிய நாற்று வாடாமல் வந்து சேர்ந்தது. எங்கள் வயலின் மணம் அந்தக் குளிரில் என் அறை முழுவதும் இருந்தது. அன்றிரவு எனக்கு ஊர் நினைவாகவே இருந்ததை மறைப்பதற்கில்லை.

மறுநாள் நாற்றை உயர்த்திக் காட்டி, "இது என்ன?" என்றேன். "மாட்டுப் புல்லு" என்று வகுப்பு ஒரே குரலில் விடை சொன்னது. "இல்லை, நாம் உண்ணும் சோறு இதிலிருந்துதான் வருகிறது" என்று உணர்ச்சியோடு விளக்கினேன். கடைசி வரிசைச் சிறுவன் ஒருவன் என்னை இரக்கத்தோடு பார்த்துச் சொன்னான்: "இல்ல சார், எங்களுக்கு ரேசன் கடையிலேர்ந்துதான் வருது."

குழந்தைகளுக்கு அனுமதி இல்லை

ஏலக்காய் எடுப்பு மும்முரமான காலம் வந்தது. தாய்மார்கள் விடியற்காலையிலேயே கூடையோடு காட்டுக்குள் போய்விடுவார்கள். அந்தச் சமயம் பார்த்துத் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தின் ஆயா ஊருக்குப் போய்விட, என் வகுப்புப் பெண்பிள்ளைகள் தம்பி தங்கைகளை இடுப்பில் சுமந்துகொண்டு பள்ளிக்கு வந்தார்கள். நான் செய்யுளின் முதலடியைப் படித்தால், இரண்டாவது அடியை ஒரு கைக்குழந்தை அழுது நிறைவு செய்தது. ஒழுங்கில் பிடிவாதமுள்ள நான், "நாளை முதல் குழந்தைகளுக்கு வகுப்பில் அனுமதி இல்லை" என்று அறிவித்தேன்.

மறுநாள் வகுப்பு அருமையான அமைதியோடு இருந்தது. நான்கைந்து பையன்களைத் தவிர யாரும் இல்லை. வெளியே எட்டிப் பார்த்தேன். பள்ளி வேலிக்கு அப்பால், மூடுபனியில், என் மாணவிகள் குழந்தைகளோடு வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். பள்ளிக் கொட்டகை வாசலில் நின்ற தலைமையாசிரியர், அந்த மலையிலேயே பிறந்து மலையாளம் கலந்த தமிழ் பேசுபவர், ஆசிரியர்களை 'மாஷே' என்றே அழைப்பவர், என் தோளில் கை வைத்துச் சொன்னார்: "மாஷே, குழந்தைய வெளிய விடச் சொன்னீங்க. அதுங்க குழந்தையோட சேந்து வெளிய நின்னுடுச்சுங்க, அத்தறதான், வேற ஒண்ணுமில்ல."

தலைமையாசிரியரின் யோசனை

வேறு வழியின்றி அனுமதித்தேன். வகுப்பின் மூலையில் ஒரு கம்பளி விரிக்கப்பட்டது. நாளடைவில், குழந்தை அழும் இடத்தில் குரலை உயர்த்தவும், உறங்கும் இடத்தில் தாழ்த்தவும் எனக்குப் பழகிவிட்டது. அப்போதுதான் இறுதிப் பாடத்துக்குத் தேர்வாளர் வருகிறார் என்று செய்தி வந்தது. கண்டிப்பானவர் என்று முன்பே பெயர் பெற்ற அம்மையார். குழந்தைகளை உள்ளே விட்டால் வகுப்பில் ஒழுங்கில்லை என்று தேர்வில் தோற்றுவிடுவேன். வெளியே நிறுத்தினாலோ, நடத்துவதற்கு வகுப்பே இராது.

இரண்டு வேளை சாப்பாடு இறங்காமல் நான் இருந்ததைக் கண்டு, தலைமையாசிரியர் ஒரு தீர்வு சொன்னார். பாடம் முடியும்வரை எல்லாக் குழந்தைகளும் வகுப்பின் பலகைத் தடுப்புக்கு அப்பாலுள்ள அவருடைய அறையில் இருக்கும். பிஸ்கட் பொட்டலங்களோடு அவரே பார்த்துக்கொள்வார். "உங்களால் முடியுமா?" என்று தயங்கினேன். அவர் நெஞ்சைத் தட்டிக்கொண்டு சொன்னார்: "அர மணிக்கூர் விஷயந்தானே மாஷே? நான் மூணு பிள்ளைக்கு அச்சன்."

தேர்வு நாள்

எழுவாயும் பயனிலையும் என் பாடம். தேர்வாளர் அம்மையார் பின்பெஞ்சில் அமர்ந்து பேனாவைத் திறந்தார். முதல் பத்து நிமிடம் நான் கனவு கண்டபடியே நடந்தது. பிறகு பலகைத் தடுப்புக்கு அப்பாலிருந்து ஒரு குழந்தை அழுதது. அதைக் கேட்டு இன்னொன்று. பிறகு எல்லாம். நடுநடுவே தலைமையாசிரியரின் தாலாட்டும் கேட்டது. அதைக் கேட்டு அழுகை கூடியது. என் மாணவிகளின் கண்கள் பலகைத் தடுப்பிலேயே இருந்தன. வினாக் கேட்டேன், ஒரு கையும் உயரவில்லை. தேர்வாளரின் பேனா மட்டும் குறிப்பேட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

எது நடந்தாலும் பாடத்தை நிறுத்தாதே என்பது பயிற்சியில் முதலில் சொல்லித்தருவது. நான் புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டு, "போய்த் தூக்கிட்டு வாங்க" என்றேன். பிள்ளைகள் ஓடினார்கள். இரண்டு கைக்கும் ஒன்றாகத் தூக்கி வந்தவளிடமிருந்து ஒரு குழந்தையை வாங்கி என் தோளில் சாய்த்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன். எடுத்துக்காட்டுக்கு இப்போது பஞ்சமில்லை. "பாப்பா சிரிக்கிறாள்" என்றாள் ஒருத்தி. "தம்பி சாக்பீஸத் தின்னுறான்" என்றான் ஒருவன். அது எடுத்துக்காட்டு இல்லை, உண்மை என்று பிறகுதான் தெரிந்தது.

முத்துச்செல்வியைக் கரும்பலகைக்கு அழைத்தேன். எழுதக் கை வேண்டுமே! இடுப்பிலிருந்த தம்பியை எங்கே விடுவது என்று சுற்றிலும் பார்த்தவள், நேராகப் பின்பெஞ்சுக்குப் போய், "கொஞ்சம் வச்சுக்கோங்க டீச்சர், இவன் அழமாட்டான்" என்று தேர்வாளரின் மடியில் அவனை உட்கார வைத்துவிட்டு வந்தாள். என் தேர்ச்சி அந்த இடத்திலேயே போயிற்று என்று முடிவு செய்துகொண்டேன். அவளோ எழுவாயையும் பயனிலையும் பிழையின்றிப் பிரித்து எழுதி, அடிக்கோடும் இட்டாள்.

மணி அடித்தது. நான் பின்பெஞ்சின் முன் போய் நின்றேன். மதிப்பெண் தாள் வெறுமையாக இருந்தது. பாலக்காட்டுப் பழைய அக்கிரகாரத் தமிழ் மாறாத அந்த அம்மையார், மடியிலிருந்தவனின் கையை மெல்ல விலக்கிப் பார்த்துத் தோற்று, என்னை நிமிர்ந்து நோக்கினார்: "பாஸ் போடணும்னா மொதல்ல இவனை வாங்கிக்கோங்கோ, பேனாவை விடமாட்டேங்கறான்."

முறைப்படி நான் தேறிவிட்டதாகப் பிறகு தாளும் வந்தது. ஆயினும் ஓர் ஆசிரியருக்குப் பயிற்சி முடிந்துவிட்டது என்று எந்த வகுப்பும் ஒப்புக்கொண்டதாக, ஓய்வு பெற்ற பின்னும் நான் கேள்விப்பட்டதில்லை.