யாரும் சொல்லாத ஒரு வாக்கியம்

நாடாளுமன்றக் குழுவில் பேசுகிறவர்களுக்குப் பெயர் உண்டு. அதை உட்கார்ந்து சுருக்கெழுத்தில் எழுதுகிறவளுக்குப் பெயர் எதற்கு? அலுவலகத்தில் அவளை எல்லோரும் அட்சரம் என்றே கூப்பிட்டார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் எழுதியதில் ஓர் அட்சரம் பிசகியதாக யாரும் சொன்னதில்லை. அதனால் வந்த பட்டம். பட்டம் கொடுத்தவர்கள் ஓய்வுபெற்றுப் போய்விட்டார்கள். பட்டம் மட்டும் வேலையில் இருந்தது.

இந்தப் பெருமையால் நஷ்டப்பட்டவர் ஒரே ஒருவர்தான்: அவள் கணவர். பள்ளிக்கூட ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவைகளைக் கட்டிக் காக்கிறவர். கல்யாணமான நாளிலிருந்து ஒரு சண்டையிலும் ஜெயித்தறியாதவர். "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று அவர் ஆரம்பித்தால், அவர் சொன்னதை, நடுவில் இருமியது உட்பட, அவள் அப்படியே ஒப்பித்துவிடுவாள். "எல்லாருக்கும் பொண்டாட்டி கிடைக்குது, எனக்கு டேப் ரெக்கார்டர் கிடைச்சிருக்கு" என்று அவர் தன் தங்கையிடம் முறையிட்டபோது, நாத்தனார் அவரை விட்டுவிட்டு இவள் பக்கம் திரும்பி, "அண்ணி, இதையும் குறிச்சு வச்சுக்கோங்க" என்றாள்.

ஆற்றல், நீர், சுற்றுச்சூழல் மூன்றையும் ஒரே மேஜையில் போட்டு விசாரிக்கும் குழுவுக்கு அவள் வந்து மூன்று வருஷம் ஆகிறது. குழுவின் வேலை, அரசு கொள்கையில் எழுதி வைத்ததைத் துறை செய்ததா என்று அதிகாரிகளைக் கூப்பிட்டுக் கேட்பது. அதிகாரிகளின் வேலை, கேட்ட கேள்வியை விட்டுவிட்டு அதற்குப் பக்கத்துக் கேள்விக்கு விரிவாகப் பதில் சொல்வது. இரண்டு தரப்பும் தங்கள் வேலையில் குறை வைத்ததில்லை.

கூட்டம் சாப்பாட்டுக்குப் பிறகுதான் கூடும். பச்சைத் துணி விரித்த நீள மேஜை. ஆளுக்கொரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர், மேலே ஒரு மூடி. அந்த நேரத்தில் மேற்கு ஜன்னலின் திரைச்சீலை வழியாக வெயில் கசிந்து வந்து டம்ளர்களுக்குள் இறங்கும். கூரையில் வெளிச்சம் துண்டு துண்டாக நெளியும். ஏ.சி. ஒரே சுருதியில் முனகும். "மேற்படி பொருள் தொடர்பாக உரிய கவனம் செலுத்தப்பட்டு..." என்று அதிகாரிகளின் வாக்கியங்கள் அந்தச் சுருதியோடு சேர்ந்து நீளும். வினைமுற்று வந்து சேர்வதற்குள் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடலாம். உறுப்பினர்கள் போடுவார்கள்.

அவளுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆனால் தன் கைக்குத் தான் தேவையில்லை என்பதை அவள் பல வருஷங்களுக்கு முன்பே கண்டுபிடித்திருந்தாள். காது கையிடம் சொல்லும், கை எழுதும். நடுவில் அவள் மெல்ல நழுவி, எதிரே இருக்கும் டம்ளருக்குள் இறங்கி, எங்கேயாவது போய்விட்டுத் திரும்பி வருவாள். வரும்போது பக்கம் நிறைந்திருக்கும். ஒரு நாளும் தப்பு வந்ததில்லை.

அந்த நாளின் பொருள், மலையில் இருக்கும் ஒரு நீர்த்தேக்கம். மின்சாரம் எடுத்த பிறகு கீழே ஆற்றுக்கு இவ்வளவு தண்ணீர் விட்டே ஆக வேண்டும் என்பது கொள்கை. விட்டுக்கொண்டுதான் இருக்கிறோம் என்று துறை மாதாமாதம் ஆற்றின் நீர்மட்டத்தை எண்ணாக எழுதி அனுப்பியது. சாட்சி சொல்ல வந்திருந்தவர் தலைமைப் பொறியாளர். ஒல்லியான மனிதர், பதில் சொல்லும் முன் கடிகாரப் பட்டையைத் தொட்டுக்கொள்கிறவர்.

கேள்வி கேட்ட உறுப்பினர் முன்னாளில் பல் டாக்டர். அந்தத் தொழிலில் அவர் கேள்வி கேட்டபோதெல்லாம் எதிராளியின் வாய் முழுக்கக் கருவிகள் இருந்தன. இங்கே வாய் காலியாக இருந்தும் பதில் வராதது அவருக்கு ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். அவர் சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"ஆத்துல நிக்குதே அந்த நீர்மட்ட அளவுகோல், அதைக் கடைசியா எப்ப போய்ப் பார்த்தீங்க?"

பொறியாளர் டம்ளரின் மூடியை எடுத்தார். திரும்ப வைத்தார்.

அட்சரம் அப்போது ஆற்றில் இருந்தாள். கணுக்கால் அளவு தண்ணீர், அதுவும் அசையாத தண்ணீர். கரையோரச் சேற்றில் கழுத்துவரை புதைந்து ஓர் அளவுகோல் நின்றது. எண்களெல்லாம் உதிர்ந்திருந்தன. அதன் தலையில் ஒரு கொக்கு, கூட்டத்துக்குத் தலைமை வகிப்பதுபோல் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது. யாரோ மெதுவாக எதையோ சொன்னார்கள். கை எழுதியது. பிறகு குழுத் தலைவர் தொண்டையைக் கனைக்க, அவள் கரையேறினாள். அடுத்த பொருள் தொடங்கியிருந்தது.

மறுநாள் காலை நோட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்தாள். பொறியாளரின் பதில் இரண்டே வரி: 'மூன்று வருஷமாக அந்த அளவுகோலை யாரும் போய்ப் பார்க்கவில்லை. நாங்கள் அனுப்புவது முந்தைய வருஷத்து எண்கள்.' வழக்கம்போல வரைவு சாட்சிக்குப் போனது. அவரவர் பேசியதை அவரவர் படித்துப் பார்த்து, பிழை இருந்தால் திருத்திக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும் என்பது முறை.

சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. அந்தப் பதிலில் ஓர் 'அதாவது' இல்லை. ஒரு 'வந்து' இல்லை. 'பரிசீலனையில் உள்ளது' இல்லை. இருபத்திரண்டு வருஷத்தில் எந்த அதிகாரியும் அவ்வளவு சுத்தமாக ஒரு வாக்கியம் பேசி அவள் கேட்டதில்லை.

மறுநாள் கூட்டத்தின் ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டாள். பல் டாக்டரின் கேள்வி. மூடியின் சத்தம். பிறகு ஏ.சி.யின் முனகல், பதினோரு விநாடி. பிறகு தலைவரின் கனைப்பு. ஏழு முறை கேட்டாள். ஏழு முறையும் பொறியாளர் ஒன்றும் சொல்லவில்லை.

அப்படியானால் கைக்கு யார் சொன்னது? அலமாரியைத் திறந்து, மூன்று வருஷமாகத் தானே தட்டச்சு செய்த பின்னிணைப்புகளை எடுத்து மேஜையில் வரிசையாகப் பரப்பினாள். பன்னிரண்டு மாதத்து நீர்மட்டம். மூன்று வருஷமும் ஒரே எண்கள், அதே வரிசையில். கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரிந்திருக்கிறது. விரலைக் கூப்பிட்டு யாரும் விசாரிக்கவில்லை, அவ்வளவுதான்.

சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. வரி நின்றால் ஆற்றைப் பற்றிய உண்மை அறிக்கையில் ஏறும். ஆனால் அது யாரும் சொல்லாத உண்மை. வரியை அடித்தால் உண்மை மறுபடி சேற்றுக்குள் போகும், கூடவே அவளுடைய பட்டமும்.

சாட்சி எப்படியும் அடித்துத் திருப்புவார் என்று ஒரு வாரம் காத்திருந்தாள். பிறகு பொறுக்க முடியாமல் குழுச் செயலாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் விதிப் புத்தகத்தோடு பிறந்தவர். முழுக்கக் கேட்டுவிட்டு, அன்று காலை வந்து சேர்ந்திருந்த வரைவை அவள் பக்கம் நகர்த்தினார். பொறியாளர் அந்த வரியை அடிக்கவில்லை. 'மூன்று' என்பதை மட்டும் அடித்து, மேலே பச்சை மையில் 'நான்கு' என்று எழுதியிருந்தார். பக்கத்தில் சுருக்கொப்பம். கீழே முழுக் கையெழுத்து.

"அவர் சொல்லலைன்னு நீங்க சொல்றீங்க. சொன்னேன்னு அவரே கையெழுத்துப் போட்டிருக்கார்" என்றார் செயலாளர். "சாட்சி திருத்தலாம், உறுப்பினர் திருத்தலாம். எழுதினவங்க திருத்தறதுக்குப் படிவத்துல இடமே இல்லையேம்மா."

வீட்டில் சொன்னாள். கணவர் துடைத்துக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் பல வருஷம் காத்திருந்த விடியல் தெரிந்தது.

"அப்படின்னா, நம்ம கல்யாணத்தன்னைக்கு உங்க அண்ணனைப் பத்தி நான் சொன்னதா நீ சொல்லிக்கிட்டிருக்கியே..."

"அது நீங்க சொன்னது."

"யாருக்குத் தெரியும்? நீ அப்ப எந்த ஆத்துல இருந்தியோ."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அவளுக்கு அது விளையாட்டாக இல்லை. ஒரு வரி பொய் என்றால் இருபத்திரண்டு வருஷத்து வரிகளும் சந்தேகத்துக்கு உரியவை. எத்தனை பேர் எத்தனை மேஜைகளில் 'நான் அப்படிச் சொல்லவே இல்லை' என்று எழுந்து நிற்பார்கள்.

அடுத்த வியாழக்கிழமை மறுபடி கூட்டம், அதே நீர்த்தேக்கம். பொறியாளர் முன்னதாகவே வந்து கூட்ட அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவள் எதிரே போய் நின்று, தான் யார் என்று சொன்னாள்.

"அந்த வரியை அடிக்கப் போறேன் சார். நீங்க அதைச் சொல்லவே இல்லை."

"சொல்லலையா?" அவர் நிஜமாகவே திகைத்தார். கடிகாரப் பட்டையைத் தொட்டுக்கொண்டார். "நாலு வருஷமா ஒவ்வொரு கூட்டத்துக்கு வரும்போதும் வண்டியில அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கிட்டு வரேன். டைப் அடிச்சு வந்ததைப் பார்த்ததும், அப்பாடா, ஒரு வழியா சொல்லித் தொலைச்சிட்டோம்னு இருந்துச்சு. மூணுன்னு தப்பா இருந்தது, அதைத் திருத்தினேன்."

அவரே தொடர்ந்தார். "அப்படியே விட்டா என்னம்மா? உங்களுக்கும் கெட்ட பேர் இல்லை, எனக்கும் வாயைத் திறக்கற வேலை இல்லை."

"நாளைக்கு உங்க மேலிடத்துல யாராவது பதிவைப் போட்டுக் கேப்பாங்க சார். அதுல ஏ.சி. சத்தம்தான் இருக்கு. அப்புறம் உங்க கையெழுத்தும் நிக்காது, என் எழுத்தும் நிக்காது. ஆத்துக்குன்னு என்ன மிஞ்சும்?" அவள் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். "உள்ள வந்து சொல்லுங்க. எழுத நான் இருக்கேன்."

அவர் பதில் சொல்லவில்லை. அதில் அவருக்கு நல்ல பழக்கம் இருந்தது.

கூட்டம் தொடங்கும் முன் அவள் அந்த வரியின் குறுக்கே ஒரு கோடு போட்டாள். ஓரத்தில், 'இது பேசப்படவில்லை. எழுதியவரின் பிழை' என்று எழுதி ஒப்பமிட்டாள். படிவத்தில் இடம் இல்லாததால் செயலாளர் அதை ஒரு துண்டுக் காகிதத்தில் நகலெடுத்துப் பின்னால் ஒட்டினார். "அட்சரம், ஒண்ணு பிசகிடுச்சே" என்றார், வருத்தமாகத்தான்.

பல் டாக்டர் அந்தத் துண்டுக் காகிதத்தைப் படித்தார். மூக்குக் கண்ணாடிக்கு மேலே அவளை ஒரு தரம் பார்த்தார். பிறகு பொறியாளர் பக்கம் திரும்பி அதே கேள்வியை அதே சொற்களில் கேட்டார்.

வெயில் வழக்கம்போல டம்ளர்களுக்குள் இறங்கியிருந்தது. அவள் இறங்கவில்லை. பேனாவைத் தாளுக்கு ஒரு நெல்லளவு மேலே நிறுத்தி விநாடிகளை எண்ணினாள். ஒன்பது. பத்து. பதினொன்று. தலைவரின் தொண்டை கனைக்கத் தயாராவது தெரிந்தது. பொறியாளர் டம்ளரின் மூடியை எடுத்தார். இந்தத் தடவை தண்ணீரைக் குடித்தார், முழுக்க. கூரையில் நெளிந்துகொண்டிருந்த வெளிச்சத்தில் ஒரு துண்டு அணைந்தது.

"அது வந்து சார்... அதாவது... நாலு வருஷமா... வந்து, போகலை. யாருமே போகலை. நம்பர் வந்து... பழைய நம்பர்தான். அளவுகோல் இருக்கான்னே... எனக்குத் தெரியாது."

தூங்கிக்கொண்டிருந்த இரண்டு உறுப்பினர்கள் விழித்துக்கொண்டார்கள். அவள் எழுதிக்கொண்டிருந்தாள். எழுதும்போதே தெரிந்தது, தான் எழுதிய வாக்கியம் இதைவிட எவ்வளவோ அழகு என்று. ஒரு 'வந்து'வையும் விடாமல் எழுதினாள்.

வரைவு பத்தாம் நாள் திரும்பி வந்தது. பச்சை மையில் கையெழுத்து மட்டும் இருந்தது. அவரும் ஒரு 'வந்து'வையும் அடிக்கவில்லை.