பழக்கடைக்காரரின் நாவலுக்கு நான் எழுதிய மதிப்புரை

மதிப்புரை கேட்டு போன் வந்தபோது நான் கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் டியூட்டி முடித்து, நாயுடுபுரம் ஏற்றத்தில் பாதி வழியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். பேசியவர் வத்தலக்குண்டில் ஒரு சின்ன இலக்கிய இதழ் நடத்துபவர். நான் அதன் சந்தாதாரர். இதழ் வந்ததும் இரண்டு பக்கத்துக்குக் கடிதம் எழுதிப் போடுவேன். சிலவற்றை அச்சிடுவார், பலவற்றை அச்சிடமாட்டார்.

"மேடம், இம்புட்டு நீளமா கடிதம் எழுதுறீங்கள்ல. ஒரு நாவலுக்கு மதிப்புரை எழுதித் தாங்களேன். உங்க ஊர்க்காரர் எழுதுனதுதான்."

ஊர்க்காரர் யார் என்று கேட்டதும் நடுரோட்டில் சிரித்துவிட்டேன். பஜாரில் பழக்கடை வைத்திருக்கும் பாய். பல வருடமாக அவரிடம்தான் பட்டர் ஃப்ரூட்டும் பிளம்ஸும் வாங்குகிறேன். ஆஸ்பத்திரி நர்ஸை இந்த ஊரில் எல்லாரும் கூப்பிடுவதுபோல அவரும் என்னை 'சிஸ்டர்' என்பார். கூட்டம் இல்லாத நேரத்தில் பேரிக்காய்க் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து நோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். கடைச் சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன். ஆறு வருடமாக அவர் நாவல் எழுதியிருக்கிறார்.

நாவல் வெள்ளகவியைப் பற்றியது. கொடைக்கானலுக்குக் கீழே, ரோடு போகாத பழைய ஊர். காட்டுப் பாதையில் இறங்கித்தான் போக வேண்டும். அங்கிருந்து காபியும் ஆரஞ்சும் குதிரை முதுகில் மேலே வரும். அப்பா காலத்திலிருந்தே பாய் வீட்டுக்கு அந்த ஊரோடு வியாபாரம் என்பதால் பாதையின் ஒவ்வொரு திருப்பமும் அவருக்குத் தெரியும். வலி கண்ட ஒரு பெண்ணை, கம்பில் கம்பளி கட்டி டோலியாக்கி, நான்கு ஆண்கள் மலை மேலே தூக்கி வருகிறார்கள். அந்த ஏற்றம் மட்டும் நாற்பது பக்கம். நாவலின் உயிரே அதுதான்.

இரண்டே நாளில் படித்து முடித்தேன். மூன்றாம் நாள் மதிப்புரையும் தயார். தெரிந்த மனிதர், நல்ல மனிதர், முதல் புத்தகம். கை தானாகவே எழுதியது. 'மலையின் மணம் கமழும் எழுத்து', 'தெளிந்த நீரோடை போன்ற நடை', 'ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய படைப்பு'. எனக்கே பெருமையாக இருந்தது. வத்தலக்குண்டுக்கு அனுப்புமுன் பாயிடம் காட்டினால் சந்தோஷப்படுவார் என்று கடைக்கு எடுத்துப் போனேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு நின்றபடியே படித்தார். முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. படித்துவிட்டுத் தாளை முன்பிருந்தபடியே மடித்து நீட்டினார்.

"நல்லாருக்கு சிஸ்டர். ஆனா இதுல எம் புத்தகம் எங்க கெடக்கு?"

"என்ன பாய் இப்படிக் கேட்டுட்டீங்க? முழுக்க அதப் பத்தித்தான எழுதிருக்கேன்."

"தலைப்ப மட்டும் மாத்திட்டா இத ஒரு சமையல் புத்தகத்துக்குக்கூடப் போட்டுரலாம். மணம் கமழும்னு வேற எழுதிருக்கீங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் எனக்குக் காதெல்லாம் சூடேறிவிட்டது. வாங்க வந்த பழத்தைக்கூட வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். அவருக்கு நல்லது செய்யப் போய் அவரையே அவமானப்படுத்தியிருக்கிறேன் என்பது உறைக்க ஒரு முழு நாள் ஆயிற்று. ஆறு வருட உழைப்புக்கு நான் கொடுத்தது கல்யாண வீட்டில் மொய்யோடு எழுதித் தரும் வாழ்த்துப் போன்ற ஒன்று.

திரும்பப் படித்தேன். இந்த முறை கையில் பென்சில். முதலில் எனக்கு நானே ஒரு வேலை வைத்துக்கொண்டேன். இந்த நாவல் என்ன செய்ய நினைக்கிறது என்பதை, என் கருத்து எதையும் கலக்காமல், ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும். எளிது என்றுதான் நினைத்தேன். நான்கு தடவை கிழித்துப் போட்டேன். 'அருமையாக' என்றோ 'ஆனால்' என்றோ ஒரு சொல் எங்கேயாவது நுழைந்துவிடும். கடைசியில் வந்தது இது: ஒரு ஊருக்கு ரோடு இல்லாததை அந்த ஊர் மனிதர்கள் தங்கள் தோளால் எப்படி ஈடுகட்டுகிறார்கள் என்று சொல்ல நினைக்கும் நாவல்.

இதை எழுதிய பிறகு புத்தகம் வேறு மாதிரி தெரிந்தது. தோள்தான் விஷயம் என்றால், அவர் தோளை எப்படி எழுதியிருக்கிறார்? அற்புதமாக எழுதியிருக்கிறார். கம்பு தோள் மாறும்போது கழுத்துப் பக்கம் சுரீரென்று இழுப்பது, முன்னால் போகிறவன் காலைப் பார்த்தே பின்னால் வருகிறவன் நடப்பது. இவற்றைப் பக்க எண்ணோடு குறித்தேன். 'தெளிந்த நீரோடை' என்று எழுதிய இடத்தில் அவருடைய இரண்டு வாக்கியங்களையே எடுத்துப் போட்டேன்.

அப்புறம்தான் அந்தச் சந்தேகம் வந்தது. நான்கு ஆண்களும் வழி நெடுகப் பேசுகிறார்கள். காபி விளைச்சல், தங்கச்சி கல்யாணம், காட்டுமாடு. டோலிக்குள் இருக்கும் பெண்? பக்கங்களைப் புரட்டினேன். அவள் முனகுகிறாள், கம்பளி அசைகிறது. பேசுவதாக எங்கேயும் காணோம்.

நான் பிரசவ வார்டில் பல வருடம் இருந்தவள். டோலியில் வந்தவர்களைக் கைத்தாங்கலாக இறக்கியிருக்கிறேன். ஒரு பெண் கட்டிலில் ஏறும்வரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தாள். ஆட்டைப் பட்டியில் அடைக்காமல் வந்துவிட்டோமே என்பதுதான் அவள் கவலை. வலி வரும்போது நிறுத்துவாள், விட்டதும் ஆட்டுக்குத் திரும்பிவிடுவாள். அவள் முகம் எனக்கு மறக்கவில்லை. அவள் நினைவு வந்ததும் நாவல்மேல் எனக்குக் கோபம் வந்தது. இரண்டு பக்கம் பொரிந்து தள்ளிவிட்டு என் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். அவர் டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிறவர். கதை கேட்கப் பிடிக்கும், படிக்கப் பிடிக்காது.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த ஆட்டுக்காரம்மா கதை நீ எழுத வேண்டியதுல்ல? அவர் எழுதுனதச் சொல்லும்மா."

சுருக்கென்றது. இல்லாத புத்தகம் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு, இருக்கும் புத்தகத்தை அடித்துக்கொண்டிருந்தேன். ஆட்டைப் பற்றிய பகுதி முழுவதையும் அடித்தேன். கூடவே இன்னொரு வரியும் போயிற்று. 'பழம் விற்பவருக்கு எல்லாமே தூக்கி இறக்கும் சரக்காகத் தெரிவதில் வியப்பில்லை' என்று எழுதியிருந்தேன். அதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. அதனாலேயே அடிக்க மனம் வரவில்லை. ஆனால் அது நாவலைப் பற்றியதல்ல, நாவல் எழுதிய மனிதரைக் குத்துவது. கடைக்கு நேரில் போய் அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியுமா என்று யோசித்தேன். முடியாது. மற்ற குறைகளை எல்லாம் சொல்ல முடியும் என்று தோன்றியது. அவற்றை வைத்துக்கொண்டேன்.

கடைசியில் என் குறை இந்த வடிவத்துக்கு வந்தது: 'இந்த நாவலின் தோள்களுக்கு எடை தெரிகிறது. எடைக்குள் இருக்கும் ஆளைத் தெரியவில்லை. நாற்பது பக்க ஏற்றத்தில் அவள் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. தோள் கொடுப்பதைப் பற்றிய நாவலில், யாருக்குக் கொடுக்கிறார்களோ அவளுடைய குரல் இல்லாதது பெரிய இடைவெளி.' இந்த முறை பாயிடம் காட்டவில்லை. நேராக வத்தலக்குண்டுக்கு அனுப்பினேன். ஆசிரியர் ஒரு சொல்கூட மாற்றாமல் போட்டார்.

இதழ் வந்த பிறகு இரண்டு முறை கடைப் பக்கம் போனேன். முதல் முறை அவர் தலை நிமிரவில்லை. இரண்டாம் முறை, "சோலி கெடக்கு சிஸ்டர், பையன்ட்ட வாங்கிக்கங்க" என்று உள்ளே போய்விட்டார். வருத்தமாக இருந்தது. ஆனாலும் நேர்மையாக எழுதினால் இப்படித்தான் ஆகும் என்று எனக்கு நானே ஒரு கிரீடம் வைத்துக்கொண்டேன்.

கிரீடம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை, வெளிநோயாளிகள் வரிசையில் பாய் நின்றார். காய்ச்சலோ என்று பார்த்தால் கையில் சீட்டு இல்லை, நாவல் இருந்தது. மேஜைமேல் விரித்து வைத்தார்.

"நூத்திப் பதினேழாம் பக்கம். படிங்க."

படித்தேன். ஆண்கள் காட்டுமாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே போகிறார்கள். நடுவே தனி வரியில் ஒரு பேச்சு. 'செத்த நிறுத்துங்க.' யார் சொன்னது என்று இல்லை.

"இது பின்னாடி தூக்கிட்டு வர்றவரு சொல்றதுதான பாய்?"

"அடுத்த வரியப் படிங்க."

அடுத்த வரியில் டோலியைப் பாறைமேல் இறக்குகிறார்கள். கம்பளியை விலக்கித் தண்ணீர் கொடுக்கிறார்கள். அவள் குடிக்கிறாள். பிறகு தூக்குகிறார்கள். சந்தேகத்துக்கே இடமில்லை. சொன்னவள் அவள்தான். இரண்டு தடவை, அதில் ஒரு தடவை பென்சிலோடு படித்தும், பேசுகிறவர்கள் எல்லாரும் ஆண்கள் என்று முடிவு கட்டிவிட்டதால், அந்தக் குரலையும் ஓர் ஆணுக்குக் கொடுத்துவிட்டிருந்தேன்.

"பேசுறது கம்மின்னு எழுதிருந்தா நான் வந்துருக்கவே மாட்டேன் சிஸ்டர்," என்றார். குரலில் கோபம் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "ஒரு வார்த்தைகூடப் பேசலன்னு அச்சுல வந்துருச்சு. அந்த ஒரு வரிய எங்க வைக்கிறதுன்னு எத்தன நாள் யோசிச்சேன் தெரியுமா?"

வரிசையில் நின்றவர்கள் எங்களையே பார்த்தார்கள். "தப்பு என்னோடதுதான் பாய்," என்றேன். வேறென்ன சொல்ல? அவர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, "வரிசையில ஆள் நிக்கிறாங்க, பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மதியமே வத்தலக்குண்டுக்கு போன் செய்தேன். ஆசிரியர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "மூணு வரில ஒரு திருத்தம் போட்டுரலாம் மேடம், விடுங்க." எனக்கு மூன்று வரி போதவில்லை. ஒரு பக்கம் கேட்டு வாங்கினேன்.

அதை எழுதுவது மதிப்புரையைவிடச் சிரமமாக இருந்தது. வெட்கத்தில் எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொள்ளத் தோன்றியது. நாவலில் குறையே இல்லை என்று எழுதிவிட்டால் பாய் சிரிப்பார், பழையபடி பழம் வாங்கலாம். ஆனால் அப்படி எழுதினால் அது பழைய வாழ்த்து மடல்தான். அந்த அத்தியாயத்தை மட்டும் மூன்றாம் முறை படித்தேன், இந்தத் தடவை வாய்விட்டு. அவள் குரல் கேட்ட பிறகு அத்தியாயம் மாறித்தான் இருந்தது. அவள் ஒரு வார்த்தை சொன்னதும் நான்கு பேரும் மறு கேள்வி கேட்காமல் நிற்கிறார்கள். அவளை அவர்கள் வெறும் எடையாக நினைக்கவில்லை. ஆனாலும் அவள் மனதில் என்ன ஓடியது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை, தெரிந்துகொள்ள ஆசை போகவும் இல்லை.

அப்படியே எழுதினேன். அவள் பேசுகிறாள், இந்தப் பக்கத்தில், இந்தச் சொற்களை. நான்தான் கேட்கவில்லை. கேட்ட பிறகு என் குறை பாதியாகிவிட்டது, மீதிப் பாதி இருக்கிறது.

அந்த இதழ் வந்த அன்று பாயே போன் செய்தார்.

"மீதிப் பாதிய விடவே மாட்டீங்களா?"

"மாட்டேன் பாய்."

"சரி, சரி. ஞாயித்துக்கெழம வெள்ளகவி போறேன், ஊர்ல ரெண்டு மூணு பேருக்குப் புத்தகம் குடுக்க. நீங்களும் வீட்டுக்காரரும் வர்றீங்களா? வெள்ளனே கெளம்பணும், அப்பத்தான் வெரசா திரும்ப முடியும்."

போனோம். அந்த ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை என்பதால், ஊர் எல்லையில் எல்லாரையும்போல நாங்களும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டோம். கோயில் பக்கத்து வீடு ஒன்றில் ஒரு அம்மா எங்களை உட்காரவைத்துக் கருப்பட்டிக் காபி கொடுத்தார். பாய் முன்பே ஒரு பிரதி அனுப்பியிருந்தாராம். அந்த அம்மாவின் மகள் கொடைக்கானலில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். லீவுக்கு வந்தபோது டோலி அத்தியாயத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். அதே மகளைப் பெற வலி கண்டபோது இந்த அம்மாவையும் டோலியில்தான் தூக்கிப் போயிருக்கிறார்கள்.

பாய் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பள்ளிக்கூடப் பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார். எனக்கோ உள்ளுக்குள் ஒரு நப்பாசை. உள்ளே இருந்தவள் ஏன் பேசவில்லை என்று இந்த அம்மா கேட்டுவிட்டால், என் பக்கம் ஒரு சாட்சி கிடைத்துவிடும்.

"நல்லாத்தாங்க எழுதிருக்காரு," என்றார் அந்த அம்மா. "கம்பளிக்குள்ள மூச்சு முட்டுமே, அத சரியாச் சொல்லிருக்காரு. ஒண்ணுதான் எனக்கு வெளங்கல. அந்தப் பாறையில ஒருத்தன் வழுக்கி விழுறானே, மழையே பெய்யலயே, எப்படி வழுக்குச்சு?"

பாய் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். மூன்று தடவை படித்திருக்கிறேன். அந்த அத்தியாயம் முழுக்க வெயில்.

"கதைங்கம்மா அது," என்று ஆரம்பித்தார் பாய்.

"கதைதாங்க. இருந்தாலும் வெயில்ல அந்தப் பாறை வழுக்காதுல்ல. நாங்க தெனம் நடக்குறோமே."

என் வீட்டுக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் குதிரையைப் பார்க்கப் போவதுபோல வெளியே எழுந்து போனார். பாய் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, புத்தகத்தின் ஓரத்தில் எதையோ குறித்துக்கொண்டார். நான் அந்த அம்மாவிடம் நகர்ந்து உட்கார்ந்து, "வேற என்னென்ன தோணுச்சு, சொல்லுங்க" என்று கேட்டேன். அவர் நிறையச் சொன்னார். பாதி நேரம் பாயைப் பாராட்டினார், பாதி நேரம் பாதையைத் திருத்தினார்.

திரும்பி ஏறும்போது பாய் வழியில் வந்த பாறைகளைக் காலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு ஒரு திருப்பத்தில் நின்று, "பனி விழுந்தாலும் பாறை வழுக்கும்ல சிஸ்டர்?" என்றார். பதில் சொல்ல எனக்கு மூச்சு இல்லை. கையை மட்டும் ஆட்டினேன்.

"ஆமாங்குறீங்களா, இல்லங்குறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே அவர் முன்னால் ஏறிப் போனார்.