புளியமரத்துக்கு வந்த ஸ்டேட்டஸ் கோ

வல்லத்தில் என் பெரியப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் நடுவரப்பு யாருடையது என்று வந்த தகராறு, ஒரு தை மாதம் செஞ்சி கோர்ட்டுக்குப் போனது. வழக்கு முடியும்வரை ‘ஸ்டேட்டஸ் கோ’, அதாவது இருக்கிற நிலையே நீடிக்க வேண்டும் என்று உத்தரவானது. எதையும் தொடக்கூடாது என்று அண்ணனும் தம்பியும் பொருள் கொண்டார்கள். அந்த ஒரு விஷயத்தில்தான் அவர்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை.

மாசியில் வரப்பின்மேல் நிற்கும் புளியமரம் பழுத்து உதிர ஆரம்பித்தது.

“கீழ கெடக்கிறத பொறுக்கனாகூட உள்ள வெச்சிடுவாங்க” என்றார் பெரியப்பா.

வருஷத்துக்கான புளி மண்ணில் கிடக்க, கடைப்புளியில் குழம்பு வைத்த பெரியம்மா, “அணிலுக்கு மட்டும் கோர்ட்டு கெடையாதா?” என்று கேட்டார்.

எதற்கும் தேதி பார்க்கிற எனக்கு ஒரு சந்தேகம். எந்த நாளில் இருந்த நிலை? பெரியப்பாவின் வக்கீலிடமே போய்க் கேட்டேன்.

“உத்தரவு போட்ட அன்னைக்கு எப்படி இருந்துதோ அப்படியே தொடரணும். அதுவரைக்கும் புளிய எப்படிப் பறிச்சாங்க?”

“சித்தப்பா ஏறி உலுக்குவார், பெரியப்பா பொறுக்குவார், ஆளுக்குப் பாதி.”

“அப்ப அதையேதான் செய்யணும்.”

வக்கீல் சொன்னதை இரண்டு வீட்டிலும் சொன்னேன். மறுநாள் இருவரும் மரத்தடிக்கு வந்தார்கள். ஒருவர் உலுக்கினார், ஒருவர் பொறுக்கினார். கூறு போட்டதில் சித்தப்பாவின் குவியல் சிறுத்துத் தெரிந்தது. பெரியப்பா தன்னுடையதிலிருந்து இரண்டு கை அள்ளி அதில் போட்டார். சித்தப்பா நிமிர்ந்து பார்த்தார்.

“இன்னாடா பாக்கிற? பாசமெல்லாம் ஒண்ணும் கெடையாது. கோர்ட்டு உத்தரவு.”