மாவு இல்லாத வீடு

பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் அவளுக்கு அளவெடுக்கும் வேலை. எந்நேரமும் கழுத்தில் டேப் தொங்கும். அதனால் எல்லோருக்கும் அவள் டேப் அக்கா. வயது இன்னும் முப்பதைத் தாண்டவில்லை. ஆனாலும் அவளைவிட மூத்தவர்களே அக்கா என்பார்கள். உடம்பைப் பார்த்துத்தான் கூப்பிடுகிறார்கள் என்பது அவள் கட்சி.

மாதவிலக்கு நின்று சில மாதங்கள் ஆகியிருந்தன. ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, சினைப்பையில் நீர்க்கட்டி என்றார்.

"மாவுச்சத்தைக் குறைங்க, நல்லா நடங்க. எடை இறங்கினா மாதவிலக்கு தானா வரும். இல்லைன்னா மாத்திரைதான்."

மாத்திரை என்றாலே அவளுக்குப் பயம். முன்பு வேறொரு டாக்டர் கொடுத்ததை விழுங்கிவிட்டு, அளவு கொடுக்க வந்த அம்மாளின் காலடியிலேயே வாந்தி எடுத்திருக்கிறாள். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வீட்டுலயே இருந்துக்கோ" என்று முதலாளியம்மா அன்றே சொல்லிவிட்டார். எடை இறங்கியே ஆக வேண்டும்.

"மாவு கூடாதாம்மா" என்று வீட்டில் சொன்னாள்.

"அவ்வளவுதானே?" என்ற அம்மா, அன்றைக்கே மாவு டப்பாவைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். அதோடு இட்லி, தோசை, ரொட்டி, பிஸ்கெட் எல்லாம் நின்றன. டீயில் பிஸ்கெட்டை நனைத்துத் தின்னாமல் அம்மாவுக்குப் பொழுது விடியாது. மகளுக்காக அதையும் விட்டார். பிள்ளை பட்டினி கிடக்கக் கூடாதே என்று தட்டில் சோற்றைக் குவித்தார். பக்கத்தில் வறுத்த உருளைக்கிழங்கு.

"சோறு சாப்பிடலாமாம்மா?"

"அரிசி என்னைக்குடி மாவாச்சு? அரைச்சாத்தானே மாவு? நாம என்ன அரைக்கவா போறோம்?"

யோசித்துப் பார்த்தால் அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

கடையில் ஒருத்திக்குப் பிறந்தநாள் வந்தது. பட்டன் தைக்கும் பெண் கேக்கை நீட்டினாள்.

"ஒரு துண்டுல என்னக்கா ஆயிடும்?"

"உனக்கு ஒண்ணும் ஆகாதுடி. என்னை அளக்க நீ இன்னொரு டேப் வாங்கிட்டு வரணும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அன்று மாலை வழக்கத்தைவிட நாலு தெரு அதிகமாக நடந்தாள். வீட்டுக்கு வந்ததும் பசியில் கிழங்கை அள்ளித் தின்றாள்.

மறுபடி டாக்டரைப் பார்க்கப் போனபோது எடை கூடியிருந்தது.

"வாயைக் கட்டவே இல்லையா?"

"ஒரு பிஸ்கெட்டைக்கூடத் தொடல டாக்டர்!"

"அப்போ என்னதான் சாப்பிடுறீங்க?"

சொன்னாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "சோத்துலயும் கிழங்குலயும் இருக்கிறதே பெரும்பாலும் மாவுச்சத்துதாம்மா."

"மாவுல இருக்கிற சத்துன்னு நெனச்சோம்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"நீங்க சோறுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

குரல் வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். டாக்டரம்மா பேனாவை மறுபடி கையில் எடுத்தார். அவளே தணிந்து, "இன்னும் கொஞ்ச நாள் கொடுங்க. இந்தத் தடவை சரியா இருக்கேன்" என்றாள்.

"சாப்பாட்டை மாத்துங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா மாதவிலக்கு இவ்வளவு நாள் வராம விடக் கூடாது. இப்போ மாத்திரை போட்டே ஆகணும்."

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"சோறும் மாவா?"

"ஆமா."

"கிழங்கு?"

"அதுவும்தான்."

"அப்போ நாளைக்கு வேலைக்கு என்ன கட்டிக் கொடுக்கிறது?"

"முட்டை."

"முட்டையோட என்ன?"

"முட்டைதாம்மா."

"அதான், முட்டைக்குத் தொட்டுக்க என்னன்னு கேக்குறேன்."

"முட்டைக்கு முட்டைதாம்மா தொட்டுக்க!"

கத்திவிட்டாள். அம்மாவின் முகம் சுருங்கியது. இந்த மனுஷியிடம் கோபப்படவும் முடியவில்லை, கோபப்படாமல் இருக்கவும் முடியவில்லை. அன்றிரவு இரண்டு முட்டையும் கீரையும் தின்ற பிறகும் பசி அப்படியே இருந்தது. மாத்திரையை விழுங்கினாள். குமட்டுகிறதா, நாளைக்கு வேலைக்குப் போக முடியுமா என்று பார்த்தபடி பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.