பெரியப்பாவும் பச்சை நிக்கரும்

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பெரியப்பா நேற்றுதான் ஒரு கட்டுரையே எழுதியிருந்தார். தீம் பார்க் என்பது குடும்பத்தோடு வருகிற இடம், அரைகுறை உடையில் வருபவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டுமாம்.

இன்று நாங்கள் எல்லோரும் தீம் பார்க் போனோம். பெரியப்பா சலவை மடிப்புக் கலையாத வேஷ்டி சட்டையில் வந்தார்.

தண்ணீர்ச் சறுக்கின் படியில் கன்னடக்காரக் காவலாளி அவரை மட்டும் நிறுத்தினார்.

"பஞ்சே பேடா சார், வேஷ்டி வேண்டாம். இங்க நைலான் டிரெஸ்தான் ரூல்ஸ்."

"வேஷ்டியவிட டீசன்ட்டா என்னப்பா இருக்கு?"

"மேல ஏறும்போது டீசன்ட்தான் சார். கீழ வரும்போது வேஷ்டி முன்னாடி வந்துடுது, ஆளு பின்னாடி வர்றாரு."

உடை வாடகைக்குத் தரும் கவுண்டரில் பெரியப்பா அளவுக்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கிளிப்பச்சை நிக்கர். பாதித் தொடைக்கு மேலேயே நின்றுவிட்டது.

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் படியேறினார். அதன் பிறகு சாயங்காலம் வரை அவரை அந்தச் சறுக்கை விட்டுக் கிளப்ப முடியவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால் குரூப்பில் அந்தக் கட்டுரையைக் காணோம். எனக்கு மட்டும் தனியாக ஒரு மெசேஜ் வந்திருந்தது.

"அந்த மாதிரி நிக்கர் வெளியில கிடைக்குமாம்மா? பச்சைதான் வேணும்."

மல்லேஸ்வரம் பக்கம் எந்தக் கடையில் கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பெரியம்மாவை மட்டும் யாரும் டேக் செய்ய வேண்டாம்.