பிள்ளைக்கூடையின் காவல் ஆள்

கறுப்புப் பாசிமணிகளைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, ஒவ்வொன்றாக நாக்கு நுனிக்குத் தள்ளி ஊசியில் கோக்கிறாள் உபோங். யாரையாவது திட்ட வேண்டுமென்றால் மட்டும் அத்தனையையும் உள்ளங்கையில் துப்புவாள். அதனால் ஒரு கூடை முடிய இரண்டு மாதம் ஆகிவிடுகிறது. ஊர் முழுக்க ஒரே கூரையின் கீழ் குடியிருக்கும் நீள்வீட்டில் திட்டு வாங்க வேண்டியவர்களுக்குப் பஞ்சமில்லை.

பலூய் ஆற்றங்கரைக் காயான் இனப் பெண்கள் பிள்ளையை முதுகில் சுமக்கும் பிரம்புக் கூடைகளில் பாதி இவள் கைவேலை. நீள்வீட்டுத் தலைவர் வீட்டுப் பிள்ளை என்றால் கூடையின் வெளியே, பாசிமணியில் கைகால் விரித்து முழித்துப் பார்க்கும் முழு மனித உருவம். பிள்ளையின் உயிரைப் பேய் தூக்கிப் போகாமல் அது காவல் நிற்கும். மற்றவர்களுக்கு நாய் உருவத்தின் வால், பல், கொக்கி வளைவுகள். சாதாரண வீட்டுப் பிள்ளைக்கு முழு ஆளைப் போட்டால் கனம் தாங்காமல் வயிறு ஊதிவிடுமாம்.

"நம்ம பயலுக்கும் ஒரு ஆள் போடேன்க்கா. சின்னதா" என்று ஒரு தாய் கெஞ்சினாள்.

"உன் புருசனே முழு ஆள் இல்ல, புள்ளைக்குக் கேக்குறியா? வால் போதும், போ."

பட்டணத்துக்காரர் ஒருவர் கூடையைப் பார்த்து, அதிலுள்ள டிராகன் அழகாக இருப்பதாகப் புகழ்ந்தார். மணிகளைத் துப்பினாள். "டிராகனாம்! நாய்யா அது. நல்லாத் தின்ன நாய்."

இப்படி ஊருக்கெல்லாம் வால் கொடுத்தவள், மூன்று கர்ப்பம் கலைந்தபின், நாற்பத்து மூன்றாம் வயதில் ஒரு பெண்ணைப் பெற்றாள். கோழிக்குஞ்சு கனம்தான் இருந்தது. உபோங் பயந்துபோனாள். சொந்தப் பிள்ளைக்கு இவள் ஆள் போடுவாளா என்று ஊரில் பன்றித்தொடை வைத்துப் பந்தயம் நடந்தது. அவள் புருஷன் லஹாயும் வெட்கமில்லாமல் சேர்ந்துகொண்டான்.

"போட்டா தலைவர் வீட்டுல மூஞ்சி கோணும். போடாட்டி..." என்று அவன் இழுத்தான்.

"போடாட்டி? நீ காவல் நிப்பியா? பட்டப்பகல்லயே குறட்டை விடுற ஆளு!"

கூடை முடிந்த அன்று தலைவர் மனைவி புலான் நேரிலேயே வந்துவிட்டாள், பாதி நீள்வீடு பின்தொடர. கூடையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்தாள். கொக்கி, பல், வால். கையுமில்லை, காலுமில்லை.

"மரியாதை தெரிஞ்சவ நீ" என்றாள்.

"ஆமாங்கம்மா" என்றாள் உபோங், பூனை மாதிரி. தோற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள். ஜெயித்த லஹாய் பல்லெல்லாம் தெரிய நின்றான்.

எல்லாரும் போனபின் அவள் கூடையின் உள்துணியை விலக்கினாள். குழந்தையின் முதுகு சாயும் இடத்தில், கைகால் விரித்து, கண்ணை உருட்டிக்கொண்டு ஒரு முழு ஆள் நின்றது.

லஹாய்க்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "அடிப்பாவி! புள்ளைக்கு வயிறு ஊதிடும்டி."

"உள்ள போட்டா ஊருக்குத் தெரியாது. பேய்க்குத் தெரியும்ல, அது போதும்."

குழந்தையை அந்த ஆளின்மேல் சாய்த்து உட்கார வைத்தாள். குழந்தையின் வயிற்றை விரலால் மெல்ல அமுக்கிப் பார்த்தாள். சற்றுப் பொறுத்து, லஹாய் திரும்பிய நேரத்தில், மறுபடியும் அமுக்கிப் பார்த்தாள்.